மாத்திரையைக் கைவிட்டு அற்புதத்துக்குக் காத்திருப்பது தவக்குல் ஆகாது



சென்ற ரமலானில் நம் பள்ளிவாசல் ஒன்றில், அஸர் தொழுகைக்காக ஒளூச் செய்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர் ஹவ்ளுக்குள் சரிந்து விழுந்தார். கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அருகிலிருந்தோர் அவரைத் தூக்கிக் கரையில் கிடத்தினர். ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து வந்து அவர் கையில் திணித்தார். இன்னொருவர் பற்களுக்கிடையே கரண்டியை நுழைக்க முயன்றார். மற்றொருவர் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தார். அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்பது கூடியிருந்த எவருக்கும் தோன்றவில்லை. அல்லாஹ்வின் அருளால் அவர் பிழைத்தார்.

விவரம் பிறகுதான் தெரிய வந்தது. அவருக்குச் சிறு வயது முதலே வலிப்பு நோய் உண்டு. காலையும் இரவும் உட்கொண்ட மாத்திரையால் நான்கு ஆண்டுகளாக ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. ரமலானுக்குச் சில நாள்களுக்கு முன் குடும்பத்தாரே அந்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். காரணங்கள் இரண்டு. மூளைக்குள் ஒலி அலையைச் செலுத்தி வலிப்பை வேரோடு அறுக்கும் கருவி வந்துவிட்டது, இனி மாத்திரை தேவையில்லை என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளி முதற்காரணம். பெண் வீட்டார் வந்து போகும் நேரத்தில் மருந்துப் பெட்டி கண்ணில் பட்டுவிடக் கூடாது என்ற அச்சம் இரண்டாவது.

இந்தக் குடும்பத்தை மட்டும் குறை கூறுவதற்காக நாம் இதை எழுதவில்லை. அவர்கள் செய்ததை நம்மில் பலர் வேறு வேறு வடிவங்களில் செய்துவருகிறோம். நேற்று ஓதிய தண்ணீரையும் தாயத்தையும் நம்பி மருந்தைக் கைவிட்டோம். இன்று இன்னும் கைக்கு வராத ஒரு கருவியை நம்பி மருந்தைக் கைவிடுகிறோம். நம்பும் பொருள் மாறியிருக்கிறது; பிழை மாறவில்லை. கையில் இருக்கும் நிவாரணத்தை உதறிவிட்டு அற்புதத்துக்குக் காத்திருப்பதே அந்தப் பிழை. அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவது அதனினும் பெரிய பிழை.

ஒலி அலைச் சிகிச்சை என்பது என்ன?

முதலில் அந்தக் காணொளி கூறிய செய்தியை நேர்மையுடன் பார்ப்போம். அதில் ஒரு மெய் இருக்கிறது. அந்த மெய்யின் மீது ஒரு பொய் கட்டப்பட்டிருக்கிறது.

மனிதச் செவியால் நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்க முடியும். அதற்கு மேற்பட்டது அல்ட்ராசவுண்ட். கருவுற்ற தாய்மாருக்கு ஸ்கேன் எடுக்கப் பயன்படுவது இதுவே. ஸ்கேன் கருவி நொடிக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளைப் பயன்படுத்துகிறது. அத்தனை விரைவான அலைகளை மண்டை ஓடு பெரிதும் உறிஞ்சிவிடும் என்பதால், மூளைக்குப் பெரும்பாலும் 2 முதல் 7 இலட்சம் அதிர்வுகள் வரையுள்ள அலைகளையே தேர்ந்தெடுக்கிறார்கள். பூதக்கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவிப்பதுபோல, தலையைத் திறக்காமலேயே மூளையின் ஆழத்தில் சில மில்லிமீட்டர் அளவுள்ள ஓரிடத்தில் அந்த அலைகளைக் குவிக்க முடியும்.

குவியும் ஆற்றல் மிகுதியாக இருந்தால் அவ்விடம் சூடேறி அழியும். கைந்நடுக்க நோய்க்கு இம்முறையைப் பயன்படுத்த அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016இல் ஒப்புதல் அளித்தது. ஆற்றல் குறைவாக இருந்தால் திசு அழிவதில்லை. நரம்பணுக்களின் இயக்கம் மட்டும் தற்காலிகமாகத் தணியவோ தூண்டப்படவோ செய்யும். வலிப்புக்கு ஆராயப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையாகும்.

வலிப்பு என்பது மூளையின் நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒரே நேரத்தில் மின் அதிர்ச்சிகளை எழுப்புவதால் நேர்வது. மூளையின் நடுவிலுள்ள தாலமஸ் என்னும் பகுதி அந்தக் கொந்தளிப்பு பரவும் வழிகளில் ஒன்று. அங்கே மின்கம்பி பதித்துத் தூண்டும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் கிடைத்தது. அதற்கு மண்டை ஓட்டைத் துளைக்க வேண்டும். மார்பின் தோலுக்கடியில் மின்கலம் வைக்க வேண்டும். கத்தியும் கம்பியும் இல்லாமல் ஒலியைக் கொண்டே அதே இடத்தை எட்ட முடியுமா என்பதுதான் ஆய்வாளர்கள் இப்போது எழுப்பியிருக்கும் கேள்வி.

இந்தக் கேள்வி நேற்று முளைத்ததன்று. 1958இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃப்ரை சகோதரர்கள் பூனைகளின் மூளையில் ஒலியைக் குவித்து, நரம்புச் செயல்பாட்டைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினர். 2011இல் எலிகளின் வலிப்புச் செயல்பாட்டை இதனால் குறைக்க முடிந்ததாக ஓர் ஆய்வு வெளிவந்தது. பின்னரே மனிதர்களிடம் வந்தார்கள். தைவானில் நடந்து 2022இல் வெளியான முன்னோட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் ஆறே பேர். சிகிச்சைக்குப் பின் சில நாள்கள் கவனித்ததில் சிலருக்கு வலிப்பு குறைந்தது. ஒருவருக்கோ வெளியே தெரியாத வலிப்பலைகள் கூடின. பாதுகாப்பானதா என்று பார்ப்பதே அத்தகைய ஆய்வுகளின் முதல் நோக்கம்.

ஆம், ஆறு பேர், சில நாள்கள். இதைத்தான் 'வலிப்புக்கு முற்றுப்புள்ளி' என்று நம் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு ஆற்றல், எத்தனை நிமிடங்கள், எத்தனை முறை, பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்பவை இன்னும் ஆராயப்படுகின்றன. ஒவ்வொருவரின் மண்டை ஓடும் தடிமனிலும் வடிவிலும் வேறுபடுவதால், அலை எங்கே குவிகிறது என்பதைக் கணிப்பதே பெரும் வேலை. அந்த ஆய்வாளர்கள் எவரும் மாத்திரையை நிறுத்துங்கள் என்று கூறவில்லை. மாத்திரைகளால் கட்டுப்படாத நோயாளிகளுக்காகவே அவர்கள் உழைக்கிறார்கள்.

நாம் இந்த ஆய்வை வரவேற்கிறோம். இறைவன் படைத்த ஒலியில் இத்தகைய பயன் மறைந்திருக்குமானால் அதைத் தேடிக் கண்டெடுப்பது நன்றி செலுத்துவதின் ஒரு பகுதியாகும். 'மூளையில் கை வைப்பது இறைவனின் விதியில் தலையிடுவது' என்று சிலர் பேசுவதை நாம் ஏற்கவில்லை. கண்புரைக்கு அறுவை செய்துகொள்பவர், இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொள்பவர், மூளைக்கு மட்டும் வேறு மார்க்கச் சட்டம் பேசுவது விந்தையிலும் விந்தை. நோயும் விதி, மருந்தும் விதி. ஆனால் வரவிருக்கும் கருவியைப் போற்றுவதும், வந்துவிட்டதாக எண்ணி இருக்கும் மருந்தை எறிவதும் ஒன்றாகா.

கையில் இருப்பது என்ன?

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்றும், முறையாகக் கண்டறிந்து சிகிச்சை அளித்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பத்தில் ஏழு பேர்! எந்த ஒலிக் கருவியும் தேவைப்படாமல், வேளை தவறாத மாத்திரையால் மட்டும். பெனோபார்பிட்டோன் 1912 முதலும், பெனிடாயின் 1938 முதலும் பயன்பாட்டில் உள்ளன. கார்பமசெபைன், வால்புரோயேட், லெவெட்டிரசிட்டாம் எனப் பின்னர் வந்தவையும் பல. இவற்றுள் சில நம் அரசு மருத்துவமனைகளில் விலையின்றியே கிடைக்கின்றன.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் உட்கொண்டும் அடங்காத வலிப்பையே மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்பர். அத்தகையோருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. கனடாவில் 80 நோயாளிகளிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், பொட்டு மடல் அறுவை சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டவர்களில் 58 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின் சுயநினைவைப் பாதிக்கும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தனர். மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 8 விழுக்காட்டினரே விடுபட்டிருந்தனர். இதே அறுவை சிகிச்சை நமக்கு அண்டையிலுள்ள திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் நடைபெறுகிறது. தைவானைப் பற்றிய காணொளியைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்புபவர்கள், ஓர் இரவு ரயில் பயணத்தில் எட்டக்கூடிய இவ்வூரைப் பற்றி ஒருவருக்காவது சொல்லியிருக்கிறார்களா?

திடீரென மாத்திரையை நிறுத்துவதன் விளைவையும் அறிந்துகொள்ள வேண்டும். அடங்கியிருந்த வலிப்பு முன்னினும் மூர்க்கமாகத் திரும்பும். சிலருக்கு நிற்காமல் தொடரும். ஐந்து நிமிடங்களைக் கடந்த வலிப்பு உயிருக்கு ஆபத்தானது. நான்காண்டு நலமாக இருந்தார் என்றால், நோய் போய்விட்டதென்று பொருளன்று. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது என்றே பொருள். எப்போது குறைப்பது, எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

'இது ஜின்னின் வேலை' என்போருக்கு

ஜின்கள் உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. அது குர்ஆன் கூறும் செய்தி. ஆனால் கீழே விழுந்து இழுத்த ஒவ்வொருவரையும் ஜின் பிடித்தவர் என்று தீர்ப்பளிக்கும் உரிமையை நமக்கு யார் வழங்கினார்கள்? வலிப்பு ஜின்னால் ஏற்படலாம் என்று எழுதிய இமாம் இப்னுல் கய்யிம் அவர்களே, உடலின் கோளாறால் வரும் வலிப்பு வேறு என்றும், அது மருத்துவர்களின் துறை என்றும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர்களை மேற்கோள் காட்டும் நம்மவர்கள் பாதியை மட்டும் படித்துவிட்டு நூலை மூடிவிடுகிறார்கள். அவர்களுக்கும் முந்நூறு ஆண்டுகள் முற்பட்ட இப்னு ஸீனா, தம் மருத்துவப் பெருநூலில் வலிப்பை மூளை சார்ந்த நோய்களின் வரிசையிலேயே வைத்தார்.

ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. மகனின் தலையில் கை வைத்து, தாய் ஃபாத்திஹாவும் முஅவ்விததைனும் ஓதுவதில் எத்தனை ஆறுதல்! அந்தக் கையே மாத்திரையையும் எடுத்துக் கொடுக்கட்டும் என்கிறோம். மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு, அடித்தும் புகையிட்டும் 'ஓட்டுகிற' வியாபாரத்தையே எதிர்க்கிறோம். நோயாளியைக் கட்டிவைத்து நலம் தேடுவது எங்கே போய் முடியும் என்பதை நம் சமுதாயம் அறியாததன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். எழுந்து ஓட அவர்களால் இயலவில்லை. அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி நம் அறியாமையால் வார்க்கப்பட்டது.

நபி (ஸல்) அவர்களிடம் வலிப்பு நோயுடைய ஒரு பெண்மணி வந்த செய்தியை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். வலிப்பு வரும்போது தம் ஆடை விலகிவிடுவதாக அவர் முறையிட்டார். பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு, விரும்பினால் நலம் வேண்டிப் பிரார்த்திக்கிறேன் என இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அண்ணலார் அவரிடமே வழங்கினார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். ஆடை விலகாதிருக்க மட்டும் பிரார்த்திக்குமாறு வேண்டினார். அவ்வாறே பிரார்த்தித்தார்கள்.

'பார்த்தீர்களா, அவர் மருந்து தேடவில்லையே' என்று வாதிடுவோர் உண்டு. அவர் தமக்காகத் தாமே தேர்ந்தார். அதற்குச் சுவனத்தின் நற்செய்தியை நபியின் திருவாயால் கேட்டார். பத்து வயதுப் பிள்ளையின் மாத்திரையை நிறுத்தும் தந்தை யாருடைய பொறுமையைத் தேர்கிறார்? வலி பிள்ளைக்கு, பொறுமையின் பெயர் தந்தைக்கா? மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் வினவியபோது, செய்துகொள்ளுங்கள் என்று ஏவியவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்பை ஒப்படைக்கச் சொன்னவர்களும் அவர்களே.

இன்னொன்றையும் அந்தச் செய்தி நமக்கு உணர்த்துகிறது. அப்பெண்மணி முதன்மையாக அஞ்சியது தம் மானத்துக்கே. அவருடைய மானம் காக்க அண்ணலார் இறைவனிடம் கையேந்தினார்கள். நாமோ பள்ளிவாசலின் கரையில் கிடந்த ஒரு சகோதரரைப் படம் பிடித்தோம்.

நிக்காஹும் மறைப்பும்

வலிப்பை மறைத்து நடத்தும் திருமணங்கள் நம்மிடையே ஏராளம். மறைக்கப்பட்ட நோய் மாப்பிள்ளை வீட்டிலோ பெண் வீட்டிலோ ஒரு நள்ளிரவில் வெளிப்படும்போது, 'ஏமாற்றிவிட்டார்கள்' என்ற கூக்குரல் எழுகிறது. ஏமாற்றியது தவறே. ஆனால் உண்மையைக் கூறியவர்களின் வாசலில் ஒரு வரனும் மிதிக்காதபடி செய்தது யார்? நாம்தாம்.

மறைப்பின் விலையைப் பெரும்பாலும் பெண்மக்களே செலுத்துகிறார்கள். புகுந்த வீட்டில் யாரும் காணாதபடி மாத்திரை விழுங்க இயலாமல் வேளை தவறுகிறது. பிறகு மருந்தே நின்றுபோகிறது. கருவுற்ற பின் மகப்பேறு மருத்துவரிடம்கூடச் சொல்லத் துணிவு வருவதில்லை. வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. கருத்தரிக்கும் முன்னரே மருத்துவரைக் கலந்து பொருத்தமான மருந்துக்கு மாறவும், ஃபோலிக் அமிலம் உட்கொள்ளவும் வழி இருக்கிறது. வாய் திறந்தால் மட்டுமே அந்த வழி திறக்கும். முறையான கண்காணிப்பில், வலிப்பு நோயுள்ள தாய்மாரில் பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே ஈன்றெடுக்கிறார்கள்.

இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்த வலிப்பு நோய் 1999இல் நீக்கப்பட்டது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்திலோ அது பெயர் சொல்லி இடம்பெற்றதே இல்லை. சட்டம் வைக்காத தடையை நம் திண்ணைப் பேச்சு வைத்திருக்கிறது.

நோன்பும் மருந்தும்

நோயாளிகள் வேறு நாள்களில் நோன்பை ஈடுசெய்யலாம் என்ற சலுகையை, நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்திலேயே குர்ஆன் சேர்த்து வழங்குகிறது. ஈடுசெய்யவே இயலாதவருக்கு ஃபித்யா இருக்கிறது. சிலருக்கு ஸஹரிலும் இஃப்தாரிலும் மாத்திரையை அமைத்துக்கொள்ள இயலும், சிலருக்கு இயலாது. உறக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும் என்பதால் தராவீஹ், தஹஜ்ஜுத், ஸஹர் என்று தொடரும் இரவுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரமலான் பிறப்பதற்கு முன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுத் தெளிவதே முறை. நோன்பு நோற்காத நோயாளியைப் பார்த்து முகம் சுளிப்பவர், இறைவன் வழங்கிய சலுகையைப் பார்த்தே முகம் சுளிக்கிறார் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஜமாஅத்துகளிடம் நாம் வேண்டுவது

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 17 இந்தியாவில் தேசிய வலிப்பு நோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டிய ஒரு ஜுமுஆவிலாவது மிம்பரிலிருந்து இது பேசப்படட்டும். ஹவ்ளுக்கு அருகில் ஓர் அறிவிப்புப் பலகை வைக்கப்படட்டும். அதில் எழுத வேண்டியவை சிலவே: வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் மென்மையான துணியை வையுங்கள். வாயில் எதையும் நுழைக்காதீர்கள்; தண்ணீரும் புகட்டாதீர்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். இரும்பு தேவையில்லை. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடங்களைத் தாண்டினாலும், நீரில் விழுந்திருந்தாலும் 108ஐ அழையுங்கள். கூட்டத்தை விலக்குங்கள், ஆடை விலகினால் மூடுங்கள், கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வையுங்கள்.

பைத்துல்மாலிலிருந்து ஏழை நோயாளிகளின் பயணச் செலவுக்கும் ஈஈஜி, எம்ஆர்ஐ பரிசோதனைகளுக்கும் உதவுங்கள். ஓர் உமரா பயணத்துக்கு நாம் செலவிடும் தொகை, எத்தனையோ பிள்ளைகளின் பரிசோதனைக்குப் போதுமானது.

ஒலி அலைச் சிகிச்சை ஒருநாள் நிறைவு பெறலாம். மருந்துக்கு அடங்காத வலிப்பால் தவிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறக்குமானால், முதலில் மகிழ்பவர்கள் நாமாக இருப்போம், இன்ஷா அல்லாஹ். அந்த நாள் வரும் வரை அவர்கள் உயிரோடும் மானத்தோடும் இருக்க வேண்டுமே! அதற்கு இன்றிரவு உட்கொள்ள வேண்டிய மாத்திரை இருக்கிறது. பெற்றோரே, பிஸ்மில்லாஹ் கூறி, அதை உங்கள் கையாலேயே எடுத்துக் கொடுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக. அவர்களை இழிவாகப் பார்த்த நம் கண்களை மன்னிப்பானாக. ஆமீன்.